பக்கத்துப் பொந்து

“கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததை…” என்று பெரியப்பா சொல்வார், அதற்கப்புறம் என்ன என்பது ஞானதுரைக்கு ஞாபகம் வரவில்லை. முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் டவாலியாக நின்று, சாட்சிகளின் பெயரை மும்மூன்று தடவை கூவியே தொண்டை கரகரத்துப்போன மனிதர். சாப்பிட்டுக் கை கழுவப் போகிற வழியில், யாரிடம் என்றில்லாமல், இப்படி எதையாவது உதிர்த்துவிட்டுப் போவார். கேக்காததை முழுங்கு என்றாரா, மூட்டைகட்டி வை என்றாரா, இல்லை முற்றிலும் வேறா. முதல் பாதி மட்டும் குரலோடு, செருமலோடு அப்படியே இருக்கிறது. மீதி ஞாபகம் இல்லை. இது நிஜமாகவே ஞாபகம் இல்லை என்று நினைத்ததும் அவருக்குப் பிடரியில் வியர்த்தது, ஏனென்றால் நிஜமில்லாத ஒரு ஞாபகமறதியும் அவரிடம் இருந்தது, அது அவர் கையெழுத்தோடு ஒரு கோர்ட்டுக் காகிதத்தில் ஆறு வருஷமாகக் குடியிருந்தது, அந்தக் காகிதம் இப்போது எதிரே தெரிகிற கட்டடத்தில், மாடியில், இரண்டு நீதிபதிகளின் மேஜைமேல் இருந்தது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையின் வளாகம், வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சு, மணி ஒன்று நாற்பது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து இரண்டேகாலுக்கு மறுபடி கோர்ட்டு கூடும். மடியில் நீலக் கோப்பு. கோப்புக்குள் நாலு பக்கப் பிரமாண வாக்குமூலம், நாலாம் பக்கத்தில் அவர் பெயருக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு வெற்றிடம். அதில் அவர் கையெழுத்து விழுந்தால் காகிதம் உள்ளே போகும். விழாவிட்டால் வேல்சாமியின் விடுதலை உறுதியாகிவிடும், பேச்சித்தாயின் மகன் இசக்கிராஜாவை யாரும் வெட்டவில்லை என்று ஆகிவிடும். முப்பத்தைந்து நிமிஷம். ஒரு பீரியடை விடக் குறைவு. பௌதிக வாத்தியாருக்கு நேரம் பீரியடாகத்தான் தெரிகிறது, பதினாறு வருஷம் மாலத்தீவில் ஒரு பொட்டுத் தீவில் மணியடித்து மணியடித்துப் பழகிய உடம்பு, ஊருக்குத் திரும்பி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருஷமாகியும் அந்த மணி உள்ளே அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

காலையில் பெரிய நீதிபதி பேசியது இங்கிலீஷில். ஞானதுரைக்கு அது தமிழாக மாறாமல் நேரே போய் உட்கார்ந்தது, பத்தாவது வரை தமிழில் படித்து அப்புறம் இங்கிலீஷுக்குத் தாவியவர்களுக்கு இப்படி ஒரு வசதி, எந்தப் பாஷையில் அடித்தாலும் வலிக்கும். பேச்சித்தாயின் வக்கீல் அனீஸ் பாத்திமா அரைமணி நேரம் நின்று வாதாடினாள், அவர் குறுக்கே பேசவில்லை, கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். கீழ்க்கோர்ட்டு நீதிபதியின் நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை வேறு முடிவுக்கு வந்திருப்போம், அது போதாதம்மா என்றார். இரண்டு விதமாகப் பார்க்க இடமிருக்கிற வழக்கில் அவர் ஒரு விதமாகப் பார்த்து விடுதலை செய்திருக்கிறார். அப்படிப் பார்க்கவே வழியில்லை என்று காட்டுங்கள், தொடுகிறோம், எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தொட முடியாது என்றார். எல்லாருக்கும் தீர்ப்பு வருகிறவரை குற்றமற்றவர் என்ற கவசம் ஒன்று. விடுதலையானவருக்கு அதன்மேல் இன்னொன்று. ரெட்டைக் கவசம். இதை ஞானதுரை இந்த ஆறு மாதமாகப் படுக்கையில் செல்போனில் தீர்ப்புத் தீர்ப்பாகப் படித்திருக்கிறார், படிக்கப் படிக்க அவருக்கு அந்தச் சட்டத்தின்மேல் மரியாதைதான் வந்தது, நல்ல சட்டம், நாளைக்கு அவர் தம்பி மகன் மேல் ஒரு பொய் வழக்கு வந்தால் அந்தச் சட்டம் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஜெபிப்பார். ஆனால் ஏன் அப்படி என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள், ஒவ்வொரு தீர்ப்பிலும் அதே இடத்தில் வந்து அவர் கட்டைவிரல் திரையில் நின்றுவிடும்: கீழ்க்கோர்ட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்த்தவர், மேலே இருப்பவர்கள் காகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள், ஆகவே பார்த்தவரை நம்பு. அவர் பார்த்தது யாருடைய முகத்தை. ஜூலை மாத வெயிலில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் நின்ற என் முகத்தை. அந்த முகத்தை நம்பித்தானே அவர் எழுதினார். அந்த நீதிபதிமேல் என்ன பிழை. இவர்கள்மேல் என்ன பிழை. ஒருவர்மேல் ஒருவராக எல்லாரும் ஒழுங்காக நின்றுகொண்டிருக்கிறார்கள், அடியில் நிற்கிறவன் மட்டும் வழுக்கலில் நிற்கிறான்.

மழைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய டிசம்பர், தீவுப் பள்ளிக்கூடம் வருஷ விடுமுறை விட்டு அவர் சொந்த ஊர் புளியடிப்பட்டிக்கு வந்திருந்தார், இசக்கிராஜா செத்து நாலு நாள், பாதைத் தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், வெட்டுப்பட்டதைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை, வெட்டிய அரிவாள் கிடைத்தால்தான் வழக்கு நிற்கும். தரிசில் கிடந்த கல்லுக்கிணற்றுப் பக்கம் ஜீப் நின்றது, வேடிக்கை பார்க்கப் போனவரை இன்ஸ்பெக்டர் கைதட்டிக் கூப்பிட்டார், சார் படிச்சவரு, வந்து நில்லுங்க, பொருள எடுத்ததுக்குச் சாட்சியா மகஜர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவீங்க. கிராம நிர்வாக அலுவலர் ஏற்கெனவே நின்றிருந்தார், பாவம், வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார், அதனால்தான் கடைசியில் ஞானதுரை ஒருவரே மிஞ்சினார். நிற்கச் சொன்னார்களே தவிர அவர் சும்மா நிற்கவில்லை, இன்ஸ்பெக்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், படித்தவருக்கு அங்கே அதுதான் வேலை. வேல்சாமியை விலங்கோடு படியில் இறக்கினார்கள், ஒரு கான்ஸ்டபிள் முன்னால் இறங்கிக் கிணற்றுச் சுவரில் இருந்த பொந்துக்குள் குச்சியை விட்டுக் குடைந்தார், ஒன்றும் வரவில்லை, மறுபடி குடைந்தார். அப்போது வேல்சாமி தலையைத் தூக்காமலே சொன்னான், “அதுல இல்ல சார். பக்கத்துப் பொந்து. மைனாக் கூடு இருக்கும், பாத்து.” கான்ஸ்டபிள் பக்கத்துப் பொந்தில் கை வைத்ததும் மைனா படபடவென்று முகத்துக்கு நேரே பறந்தது, அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார், ஒரு மைனாவுக்கே இப்படின்னா ரௌடிக்கு எப்படிய்யா என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார், குடை ஆடியது. அப்புறம் வேல்சாமியே கையை விட்டு மஞ்சப்பையில் சுற்றிய அரிவாளை எடுத்துக் கொடுத்தான். அங்கேயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மழையில் காகிதம் நனையும் என்று எல்லாரும் மாடத்தியம்மா டீக்கடைக்குப் போனார்கள், எப்போதும் அப்படித்தானாம், எங்கே எடுத்தாலும் எழுதுவது டீக்கடையில்தான். ஏட்டையா பழக்கமான கையால் ‘எதிரி தானாக முன்வந்து எடுத்து ஆஜர் செய்ததை’ என்று எழுதிக்கொண்டே போனார், பக்கத்துப் பொந்தும் மைனாவும் அதில் இல்லை, மகஜருக்கு மைனா எதற்கு. இடதுகையில் உளுந்த வடை, வலதுகையில் பேனா, ஞானதுரை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். வடைக்கை காகிதத்தின் ஓரத்தில் பட்டது.

அந்த எண்ணெய்க்கறையைத்தான் எதிரி வக்கீல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மகஜர் எழுதி மூன்று வருஷம் கழித்து, செஷன்ஸ் கோர்ட்டில், ஏழு நாள் லீவில் வந்திருந்த சாட்சியைப் பார்த்து, தகப்பனைப் போன்ற கனிவோடு, சார்வாள், கிணத்துக்குள்ள யாரு வடை சுட்டா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது, டைப் அடிக்கிற பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையெழுத்து டீக்கடையில் போட்டதா, ஆமா. கிணற்றடியில் போடவில்லையே, இல்லை. போடுவதற்கு முன்னால் வாசித்துப் பார்த்தீர்களா, இல்லை. இது வரைக்கும் எல்லாம் உள்ளது உள்ளபடி, பெரியப்பா பெஞ்சு ஓரத்தில் நின்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். அப்புறம் வக்கீல் குரலை இன்னும் இறக்கி, அரிவாளை வேல்சாமிதான் எடுத்துக் குடுத்தார்ங்கிறது போலீஸ்காரங்க சொல்லித்தானே உங்களுக்குத் தெரியும் என்றார். இல்லை, பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக்கூட விட்டது. ஆனால் காதில் இன்னும் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது, சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை, நாலு மணிக்குத் திருவனந்தபுரம் பஸ், விடிந்தால் விமானம், அதை விட்டால் சம்பளத்தில் பிடித்தம், தலைமையாசிரியரின் முகம், பார்த்தேன் என்று சொன்னால் எங்கே நின்று பார்த்தீர்கள், குடை பிடித்தீர்களா, யாருக்கு, எதற்கு என்று இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு சிரிப்பு. “எனக்குச் சரியா ஞாபகம் இல்லை” என்றார். நீதிபதி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வினாடி, இரண்டு வினாடி. பார்த்துவிட்டு டைப் அடிக்கச் சொன்னார். அரசு வக்கீல் வேறொரு கட்டைப் புரட்டிக்கொண்டே, திரும்பக் கேட்க ஒன்றுமில்லை, மறுவிசாரணை இல்லை என்றார். காகிதத்தை நீட்டினார்கள், அதையும் வாசிக்காமல் போட்டார், அது இரண்டாவது கையெழுத்து. பஸ் கிடைத்தது. ஜன்னலோர சீட்டுக்கூடக் கிடைத்தது, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது, அந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து அவர் நிம்மதியாக ஒரு பாக்கெட் கடலை தின்றார். பத்து நாளில் விடுதலை என்று தம்பி போனில் சொன்னபோது அவர் எட்டாம் வகுப்புக்கு இடமாறு தோற்றப் பிழை நடத்திக்கொண்டிருந்தார், அளவுகோலை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் ஒன்றே இரண்டு இடத்தில் இருப்பதுபோல் தெரியும், தவறு கோலில் இல்லை, கண்ணில் இருக்கிறது, என்ன பிள்ளைகளா.

அதற்கப்புறம் அவருக்குள்ளேயே ஒரு கோர்ட்டு நடந்தது, அதில் அவர்தான் சாட்சி, அவர்தான் நீதிபதி, விடுதலையும் அவருக்குத்தான். ஒருவேளை நிஜமாகவே பார்க்கவில்லையோ, குடையின் விளிம்பு மறைத்திருக்குமோ, டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுத் தானே பார்த்ததாக வரித்துக்கொண்டோமோ. இரண்டு விதமாகப் பார்க்க இடமிருக்கிறதல்லவா, இருந்தால் அனுகூலமானதை எடு. எடுத்தார். அந்த உள்கோர்ட்டுக்கும் ஒவ்வொரு வருஷமும் மேல்முறையீடு வந்தது, ஒவ்வொரு வருஷமும் தள்ளுபடி. ஆனால் மைனா. டீக்கடையில் மைனாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, அந்தப் படபடப்பும், குடை ஆடியதில் சட்டைக் காலருக்குள் இறங்கிய குளிர்ந்த சொட்டும் யார் சொல்லி அவருக்கு வந்தன. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தபோது வீட்டு வாசலில் வேல்சாமியின் மோட்டார் சைக்கிள் நின்றது, பெட்ரோல் டாங்கின்மேல் மூன்று வயதுப் பெண்குழந்தை, அவன் கையில் முருங்கைக்காய்க் கட்டு. கோர்ட்டில் தேதி வந்தது அவன் காதுக்கும் போயிருக்கும். மிரட்டுவான் என்று நினைத்தார், மிரட்டியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். “அன்னைக்கு நீங்க உள்ளதச் சொன்னிய சார்வாள். இந்தப் பிள்ள பிறந்ததே அதனாலதான்” என்றான், குழந்தையின் கையைப் பிடித்து வணக்கம் வைக்கச் சொன்னான். அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்க அவரால் முடியவில்லை, அவனாலும் முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது, இரண்டு பேரும் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காயைத் தூக்கிப் போட மனசு வராமல் சாம்பாரில் போட்டார்கள். அவர் சாப்பிட்டார். இந்தக் குழந்தை. இதை எந்தத் தராசில் வைப்பது. அதற்கு முந்தின வாரம் அனீஸ் பாத்திமா போன் செய்து, அந்த ஞாபகம் இல்லைங்கிறத மாத்தி எழுதித் தருவீங்களா, அன்னைக்கு உங்கள மிரட்டினாங்களா சார் என்று கேட்டிருந்தாள், அவர் பதில் சொல்லவில்லை, சும்மா இருந்தார், அந்தச் சும்மாவை அவள் ஆமாவாக எடுத்துக்கொண்டு டைப் அடித்துவிட்டாள். இதோ, மூன்றாம் பத்தி: எதிரியின் உறவினர்கள் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதாக மிரட்டியதால் அஞ்சி அவ்வாறு சாட்சி சொன்னேன். அழகான இங்கிலீஷ். முதல் இரண்டு கையெழுத்தை வாசிக்காமல் போட்டவர் மூன்றாவதை இதுவரை ஆறு தடவை வாசித்துவிட்டார். மூன்றாம் பத்தி இருந்தால் அவர் பாவப்பட்ட மனிதர், பயந்துபோனவர், யாரும் கல்லெறிய மாட்டார்கள். ஆனால் வேல்சாமியின் சொந்தக்காரர்கள் மேல் இன்னொரு பொய் ஏறும். ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யை வைக்கிறேன், பொந்து மட்டும் மாறுகிறது.

“சார்வாள், சாப்பிடுதியளா?” பேச்சித்தாய் எப்போது வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அறுபது தாண்டிய உடம்பு, ஊரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவள், தூக்குவாளியில் புளிச்சோறு. வேண்டாம் என்பதற்குள் மூடியில் பாதியை எடுத்து வைத்துவிட்டாள். அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போகாதபோது தானே போனவள், இரண்டு ஆட்டை விற்றுத்தான் முதல் வக்கீலைப் பார்த்தாள் என்று ஊரில் சொல்வார்கள். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை, எதிரே பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவாள், அதைவிட அவள் ஏசியிருக்கலாம். நல்லெண்ணெய் வாசம், கடலைப்பருப்பு, காரம் தூக்கல். இசக்கிராஜாவுக்கும் இப்படித்தான் பிடிக்குமா என்று ஒரு நினைப்பு வந்து, எடுத்த கவளத்தை மூடியிலேயே திரும்ப வைத்தார். அவள் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். எதிர்க் கட்டடத்தில் கறுப்புக் கோட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. காலைல அந்தப் பெரிய ஐயா என்ன சொன்னாவ என்று கேட்டாள். அவர் சொன்னார், இரண்டு விதமாகப் பார்க்கலாமாம், இவர்களுக்கு மாற்ற அதிகாரம் குறைவாம். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அது சரிதான், நாளைக்கு ஒருத்தரு, மறுநா ஒருத்தருன்னு மாத்திக்கிட்டே இருந்தா நாடு என்னத்துக்கு ஆகும் என்றாள், அதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. பிறகு வாளியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “அவன உள்ள தள்ளணும்னுகூட நான் கேக்கல சார்வாள். அன்னைக்குக் கிணத்துல நீங்க என்னத்தப் பாத்திய? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க.” ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. போலீஸ் கேட்கவில்லை, அரசு வக்கீல் கேட்கவில்லை, அனீஸ்கூட மிரட்டலைத்தான் கேட்டாள். கேட்டதுக்குப் பதில் சொல்லு. மீதியைத் தேடிக்கொண்டே இத்தனை நேரம் இருந்தவருக்கு முதல் பாதியே இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. “மொதல்ல ஒரு பொந்துல தேடினாங்க. இல்லை. ‘அதுல இல்ல சார், பக்கத்துப் பொந்து’ன்னு வேல்சாமி சொன்னான். மைனாக் கூடு இருக்குன்னும் சொன்னான். இருந்தது. அவனே கையை விட்டு எடுத்தான்” என்றார். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது அவருக்குத் திகைப்பாக இருந்தது. பேச்சித்தாய் அழவில்லை. தூக்குவாளியை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி மூடினாள். “மைனாவுக்குப் பாத்து கைய வைக்கச் சொன்னானாக்கும்” என்றாள்.

இரண்டு மணிக்கு அனீஸ் பாத்திமா கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள், கூடவே சான்றொப்பமிட ஒரு வயதான வக்கீல், கையில் ரப்பர் ஸ்டாம்பு. எங்கே போட வேண்டும் என்று அவள் பென்சிலால் காட்டினாள். அவர் மூன்றாம் பத்தியில் விரலை வைத்து, இது நடக்கலையேம்மா என்றார். அவள் சட்டென்று பேச்சித்தாயைப் பார்த்தாள், பிறகு குனிந்து, இவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். “நடக்கலேன்னு போன்லயே சொல்லியிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேனே சார். இந்த வரியை எடுத்தா, அன்னைக்கு ஏன் சொல்லலைன்னு முதல் கேள்வியே அதுதான் வரும். பொய் சாட்சி சொன்னீங்கன்னு உங்க மேலயே திரும்பும். பள்ளிக்கூட வேலை போகும். அப்படியும் இதை வாங்கிக்குவாங்கன்னு நிச்சயம் இல்லை. வாங்கினாலும் மறுபடி கூண்டுல ஏறணும், அதே கேள்வி, அதே வடை.” வராந்தாவில் மணி அடித்தது, மாடிப்படியில் கோட்டுகள் அவசரமாக ஏறின. புளிச்சோற்று எண்ணெய் விரலில் மினுங்கியது, கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், காகிதத்தின் ஓரத்தைத் தொடாமல் கோப்பின் அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டார், பேனாவை வாங்கினார். மூன்றாம் பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில், தமிழில், ‘அதுல இல்ல, பக்கத்துப் பொந்து என்று வேல்சாமி சொன்னதைக் கேட்டேன், அவன் எடுத்ததைப் பார்த்தேன். கோர்ட்டில் நின்றபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொன்னேன். என்னை யாரும் மிரட்டவில்லை’ என்று எழுதி, ஒரு முறை வாசித்து, கையெழுத்துப் போட்டார்.